பழைய புல்லட் 'கபே ரேசர்' ஆகிறது! வெட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்

சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கிறது ஒரு மோட்டார் சைக்கிள். பார்த்தால் புல்லட் மாதிரி இருக்கிறது. ஆனால் புல்லட் இல்லை. மட்கார்டு பாதிதான் இருக்கிறது. ஹேண்டில்பார் தாழ்ந்து கிடக்கிறது. சீட்டில் ஒரே ஓர் ஆள்தான் உட்காரலாம். அதற்குப் பின்னால் காளைக்கு இருப்பது போல ஒரு சின்னத் திமில். ஓட்டுகிற வாலிபர் டாங்கி மேல் படுத்த மாதிரி குனிந்திருக்கிறார்.

"என்னப்பா, பாதி வண்டியைக் காணோம்?" என்று பஸ்சில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

காணாமல் போகவில்லை. கழற்றி வைத்துவிட்டார்! இதற்குப் பெயர்தான் 'கபே ரேசர்'.

பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே இப்படி மாற்றிவிடலாம் என்று பல வாலிபர்கள் இறங்குகிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று தெரியாமல் இறங்கினால் காசும் போகும், காலும் போகும். இதோ விவரம்:-

ஓட்டல் வாசலில் பிறந்தது

லண்டன் வடக்கு சுற்றுச்சாலையில் 1938-ம் ஆண்டு 'ஏஸ் கபே' என்று ஒரு சாலையோர ஓட்டல் தொடங்கியது. போரில் குண்டு விழுந்து இடிந்தது. 1949-ல் மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே மோட்டார் சைக்கிள் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர ஆரம்பித்தார்கள்.

அவர்கள் பணக்காரர்கள் அல்ல. பந்தய வண்டி வாங்கக் காசு ஏது? காலையில் வேலைக்குப் போகிற வண்டியையே ராத்திரி பந்தய வண்டி ஆக்கினார்கள். தேவை இல்லாததைக் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தது. குனிந்து ஓட்டினார்கள். எதிர்க்காற்று குறைந்தது. மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டால் பெரிய கில்லாடி என்று பெயர்!

பெட்டியில் காசு போட்டு ஒரு பாட்டை ஓடவிட்டு, அது முடிவதற்குள் குறிப்பிட்ட இடம் வரை போய்த் திரும்புவார்கள் என்று ஒரு கதையும் உண்டு. நார்ட்டன் வண்டியின் சட்டத்தில் டிரையம்ப் என்ஜினைப் பொருத்தி 'டிரைட்டன்' என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. 1969-ல் மூடப்பட்ட அந்த ஓட்டல் 2001-ல் மீண்டும் திறக்கப்பட்டது.

திருவொற்றியூர் உறவு

நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்சும் 1955-ல் கைகோத்து இங்கே புல்லட் தயாரிப்பில் இறங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில்.

ரெட்டிச்சில், வாலிபர்கள் வீட்டில் செய்வதைப் பார்த்து, கம்பெனியே 250 சி.சி.யில் ஒரு கபே ரேசரைத் தயாரித்து விற்றது. பெயர் 'கான்டினென்டல் ஜி.டி.' இங்கிலாந்தில் 1970-ல் கம்பெனி கதை முடிந்தது. இங்கே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது! அதே பெயரில் 2013-ல் 535 சி.சி. வண்டியும், 2018-ல் 650 சி.சி. வண்டியும் வந்தன. செய்தவர்கள் நம் சென்னைக்காரர்கள்!

"கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு வீட்டில் கஷ்டம்?" என்று கேட்கலாம். தன் கையால் செய்த வண்டி என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தனி ருசி. அவ்வளவுதான்.

முதலில் ஓட்டிப் பார்!

பழைய வண்டியை வாங்கிய அன்றே ஸ்பானரை எடுக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துவராத வண்டியில் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள்.

பிறகு நாலு நாள் ஓட்டுங்கள். எங்கே எண்ணெய் கசிகிறது, எந்தக் கியர் நழுவுகிறது என்று எழுதி வையுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ. ஒவ்வொரு இடத்துப் போல்ட்டும் தனித்தனிப் பையில். இல்லாவிட்டால் கடைசியில் கை நிறைய போல்ட்டு மிஞ்சும். எங்கே போடுவது என்று முழிக்க வேண்டியதுதான்!

பக்க மூடிகள், கேரியர், கிராஷ் கார்டு, கனமான சீட்டு, இவற்றைக் கழற்ற பெரிய வித்தை வேண்டாம். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள்.

காலி டாங்கி, காலன்!

டாங்கியில் ஓட்டை அடைக்க வேண்டுமா? "பெட்ரோல்தான் இல்லையே" என்று வெல்டிங் வைத்துவிடாதீர்கள். காலி டாங்கிக்குள் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். இது வீட்டு வேலை அல்ல. டாங்கி வேலை தெரிந்த பட்டறைக்குக் கொடுங்கள்.

சட்டத்தை வெட்டுவதும் அப்படியே. பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் குறைப்பது ஒன்று. அதற்கு முன்னால் வெட்டுவது முதுகெலும்பை வெட்டுவதற்குச் சமம்.

கை தாழ்ந்தால் கால் பின்னே போகணும்

ஹேண்டில்பாரை மட்டும் தாழ்த்திவிட்டு ஓட்டினால் பத்தே நாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கால் வைக்கும் இடத்தையும் பின்னால் தள்ள வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். இரண்டுக்கும் புதிதாகக் கம்பி இணைப்பு வேண்டும். அதில் ஒரு நெம்புகோல் தலைகீழாக மாட்டினாலும் கியர் மேலே கீழே மாறிவிடும்!

புதுக் கைப்பிடி மாட்டியதும் ஒரு சின்னப் பரீட்சை. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். அப்போது என்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். திருப்பத்தில் வண்டி தானாகப் பாயும். உடனே மாற்றுங்கள். விரல் டாங்கியில் நசுங்குகிறதா என்றும் பாருங்கள்.

காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிச் சின்ன பில்டர் போட்டால் என்ஜினுக்குள் காற்று அதிகம் போகும். கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே சொல்லும். பிஸ்கட் நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சூடாகும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.

பறப்பது இருக்கட்டும், நிற்குமா?

பழைய இரும்பு என்ஜின் புல்லட் 346 சி.சி. சக்தி சுமார் 18 குதிரை. எதைக் கழற்றி எறிந்தாலும் இது 160-ல் பறக்காது. ஆனால் பந்தய வண்டி உருவம் வந்துவிட்டால் ஓட்டுகிறவர் கை சும்மா இருக்காது. அங்கேதான் ஆபத்து!

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. பழைய வண்டியில் இருப்பதோ டிரம் பிரேக். எனவே பெயிண்டுக்குச் செலவழிக்கும் முன் பிரேக் லைனிங், கேபிள், டயர் மூன்றையும் புதிதாக்குங்கள். டிரம் கோணல் என்றால் லேத்தில் கடையச் சொல்லுங்கள். பளபளப்பு அப்புறம்.

ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம்

கடைசியாகச் சட்டம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மோட்டார் சைக்கிள் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தியே ஆகணும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். சத்தம் போடும் சைலன்சரை மறந்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் மூட்டை கட்டிப் பரண் மேல் வையுங்கள், தேவைப்படும்.

இன்னொரு அனுமதியும் பாக்கி இருக்கிறது. சீட்டில் ஓர் ஆள்தான் உட்காரலாம். பின்னால் கைப்பிடியும் இல்லை, சேலை சிக்காமல் இருக்கும் தடுப்பும் இல்லை. "அப்ப நான் எதுலே வர்றது?" என்று வீட்டுக்காரம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் யோசித்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்!