காக்காவும் எருமையும் ஒரே கூட்டமா?

பால்வாடிக்குப் போகிற தம்பி தங்கை உள்ள அக்காமார், அண்ணன்மார் எல்லோரும் இதைக் கட்டாயம் படியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டி "இது என்ன? அது என்ன?" என்று பேர் கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம். பேர் சொல்வது வெறும் மனப்பாடம். பிராணிகளைப் பிரித்து வைக்கிறதும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறதும்தான் யோசிக்கிற வேலை. நாம் 9ஆம் வகுப்பில் உயிரினங்களை வகைப்படுத்துதல் என்று படிக்கிறோமே, அதேதான். அவர்களுக்குப் பெரிய பேர் மட்டும் தெரியாது.

எங்கள் திண்ணையில் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் வருவார்கள். எல்லோருக்கும் 3 முதல் 5 வயது. பழைய பாடப்புத்தகப் படங்களை வெட்டிக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட வேண்டும். காசு செலவே கிடையாது!

முக்கியம் என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்விதான். "கால் எத்தனை?" என்றால் அதோடு நிறுத்த வேண்டும். மாடு, ஆடு, நாய் ஒரு வட்டத்தில் போகும். கோழி, காக்கா இன்னொன்றில். பாம்பு வந்ததும் பிள்ளை முழிக்கும். அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது. "அக்கா, இதுக்கு வட்டமே இல்ல" என்று அதுவே சொல்லணும். அப்புறம்தான் மூன்றாவது வட்டம். எறும்புக்கு 6 கால், அதற்கு நாலாவது வட்டம். பிறகு எல்லா அட்டையையும் கலைத்துவிட்டு "பறக்குமா?" என்று கேளுங்கள். கோழி பறக்குமா பறக்காதா என்று பெரிய சண்டையே நடக்கும். நடக்கட்டும். அதே காக்கா, முதலில் கோழியோடு இருந்தது, இப்போது வண்ணத்துப்பூச்சியோடு போய்விட்டது. கேள்வி மாறினால் கூட்டமும் மாறும் என்று பிள்ளைக்கு அப்போதுதான் புரியும்.

கடைசியில் "உனக்குப் பிடிச்ச மாதிரி பிரி" என்று விட்டுவிடுங்கள். 4 வயசுப் பையன் ஒருத்தன் காக்காவையும் எருமையையும் ஒன்றாக வைத்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் "மக்கு, ரெண்டும் கறுப்புன்னு வெச்சிட்டான்" என்று சிரித்தார். ஏன்டா என்று கேட்டேன். "காக்கா எருமை மேல உக்காந்து உண்ணி திங்கும்ல" என்றான். இரண்டு வாரமாக வாயே திறக்காத பையன் அவன். யாராவது முந்திக்கொண்டு அட்டையைப் பிடுங்கி வேறு வட்டத்தில் வைத்திருந்தால் அந்த ஒரு வாக்கியம் வந்திருக்காது. மக்கு என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள்.

வவ்வாலைப் பறவையோடு வைத்தாலும் திட்டாதீர்கள். வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' முதல் பதிப்பில் திமிங்கலத்தை மீன்களோடுதான் சேர்த்திருந்தார். 1758இல் வந்த 10ஆம் பதிப்பில்தான் பாலூட்டிகளோடு மாற்றினார். அவருக்கே 23 வருஷம் ஆச்சு!

ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அட்டையில் எறும்பும் யானையும் ஒரே அளவு. அதைக் காட்டி "எது பெருசு?" என்றால் பாவம், பிள்ளை என்ன செய்யும்? தெருவில் நிற்பதைக் காட்டுங்கள். அவரவர் உடம்பையே அளவாக வைக்கலாம். கோழி முட்டி வரை, ஆடு நெஞ்சு வரை, மாடு தலைக்கும் மேலே. அதற்கப்புறம் "ஆடு பெருசா சின்னதா?" என்று கேட்டுப் பாருங்கள். கோழியை விடப் பெருசு, மாட்டை விடச் சின்னது. ஒரே ஆடு எப்படிப் பெருசாகவும் சின்னதாகவும் இருக்கும் என்பது 3 வயசுக்குப் பெரிய புதிர். "எதை விட?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டுவிட்டால் கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

தமிழிலேயே நமக்கு உதவி இருக்கிறது. மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. இதை வைத்தும் பிரிக்கலாம். தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர்கள் மட்டும் 9 சொல்லியிருக்கிறது என்று தமிழய்யா சொன்னார். ஆனால் பாம்பு முட்டையில் இருந்து வந்தாலும் பாம்புக்குட்டி என்கிறோம், அது ஏன் என்று ஒரு வாண்டு கேட்டது. ஐயாவிடம் கேட்டிருக்கிறேன்.

4 கோழி அட்டை, 2 ஆட்டு அட்டை வைத்துவிட்டு "கோழி அதிகமா, பிராணி அதிகமா?" என்று கேட்டால் பெரும்பாலும் கோழி என்றுதான் சொல்வார்கள். கோழியும் பிராணிதானே என்று மல்லுக்கட்ட வேண்டாம். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்து, 7 வயது வாக்கில்தான் இது பிடிபடும் என்றார். அதுவரை விளையாட்டாகக் கேட்டுவிட்டு விட்டுவிடலாம்.

என்னிடம் நாய்ப் படம் மட்டும் 11 இருக்கிறது. தவளை, ஆமை, சிலந்தி ஒன்றுகூட இல்லை. பழைய புத்தகத்தில் இருந்தால் 9ஆம் வகுப்பில் கொடுங்கள். பதிலுக்கு நாய் தருகிறேன்.