கூரைமேல் விளையும் மின்சாரம்

நுழையும்முன்

மொட்டைமாடியில் வற்றலையும் வடகத்தையும் உலர்த்திய வெயில், இன்று அதே வீட்டின் விளக்கையும் மின்விசிறியையும் இயக்கும் ஆற்றலாக மாறியிருக்கிறது. சூரியத் தகடுகளை அமைக்க அரசு மானியம் தருகிறது. வங்கிகள் கடன் அளிக்கின்றன. விற்பனையாளர்கள் வீட்டு வாயிலுக்கே வருகின்றனர். பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட முன்வரும் ஒரு குடும்பம் எவற்றை அறிந்து, எவற்றைக் கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டும்? அதனை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

ஒளி மின்சாரமாகும் வகை

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஒளியின் ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாகச் செயற்படுகிறது என்னும் விளக்கத்தை 1905இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அளித்தார். இக்கருத்துகள் வீட்டுக் கூரைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான சிலிக்கன் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்சாரமாக மாற்றியது. இன்று விற்பனையில் உள்ள தரமான தகடுகள் 20 விழுக்காட்டிற்கும் மேல் மாற்றுகின்றன.

தகட்டில் உள்ள சிலிக்கன் ஒரு குறைகடத்தி. வெவ்வேறு வேற்றணுக்கள் கலக்கப்பட்ட இரு சிலிக்கன் அடுக்குகள் சேரும் இடத்தில் ஒரு மின்புலம் நிலைத்திருக்கும். ஒளிபட்டு விடுபடும் எலக்ட்ரான்களை அம்மின்புலம் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அவ்வாறு பிறப்பது நேர்திசை மின்னோட்டம். நம் வீட்டுக் கருவிகளோ மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்குவன. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கருவியே இன்வெர்ட்டர். ஆகவே தகடு, இன்வெர்ட்டர், மின்மானி ஆகிய மூன்றும் கூரைமேல் சூரிய மின்னமைப்பின் இன்றியமையா உறுப்புகள் ஆகின்றன. நான்காவதாகச் சேமக்கலம் வேண்டுமா என்பது தனியே ஆராயத்தக்கது.

வெயில் வேறு, வெப்பம் வேறு

ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளை அமைக்க ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அவை நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு மின்சாரத்தைத் தரும். ஓர் அலகு என்பது, ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணிநேரம் இயங்கச் செலவாகும் மின்னாற்றல். இதனையே மக்கள் யூனிட் என வழங்குகின்றனர்.

வெப்பம் மிகுந்தால் மின்சாரமும் மிகும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. தகடு உண்பது ஒளியை. வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் திறன் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அளவிடப்படுகிறது. அதற்குமேல் உயரும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கன் தகட்டின் திறன் சற்றேறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. கோடை நண்பகலில் தகட்டின் வெப்பநிலை 60 பாகையை எட்டுமாயின், அதன் திறனில் பத்தில் ஒரு பங்கிற்கும் மேல் இழப்பாகும். எனவே தகட்டிற்கும் தளத்திற்கும் இடையே காற்று உலவ இடம்விட்டு அமைத்தல் வேண்டும்.

நிழல் மற்றொரு பகை. தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றன்மேல் விழும் நிழல் அத்தொடரின் பிற தகடுகளின் உற்பத்தியையும் பாதிக்கக்கூடும். மாடியில் நிற்கும் தண்ணீர்த்தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, நாளை எழவிருக்கும் அடுத்த மனையின் மாடி என அனைத்தையும் கருத்தில் கொள்ளவேண்டும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே அமைந்துள்ள தமிழ்நாட்டில், தகடுகள் தெற்கு நோக்கிச் சிறு சாய்வுடன் அமைவது நன்று. அச்சாய்வு மழைநீர் வழிந்தோடித் தூசியைக் கழுவவும் உதவுகிறது.

தெரியுமா?

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் 2016ஆம் ஆண்டு செயற்பாட்டிற்கு வந்தது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின்நிலையங்களுள் ஒன்றாக அக்காலத்தில் அது விளங்கியது.

பகல் விளைச்சலும் இரவுத் தேவையும்

சூரிய மின்சாரத்தின் அடிப்படைச் சிக்கல் நேரம். நண்பகலில் தகடுகள் மிகுதியாக உற்பத்தி செய்யும். அப்போது பிள்ளைகள் பள்ளியிலும் பெரியோர் பணியிடத்திலும் இருப்பர். அந்தி சாய்ந்து வீடு நிறையும் வேளையில் தகடுகள் உறங்கிவிடும்.

இச்சிக்கலுக்கு நம் வழக்கிலுள்ள கைமாற்று முறையை ஒத்ததொரு தீர்வு உண்டு. பகலில் எஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிவழியே அனுப்பிவிடுகிறோம். இரவில் வேண்டுவதை அதே கம்பிவழியே பெற்றுக்கொள்கிறோம். போவதையும் வருவதையும் தனித்தனியே பதிவுசெய்ய இருவழி மின்மானி பொருத்தப்படுகிறது. வந்ததிலிருந்து போனதைக் கழித்து, எஞ்சிய அலகுகளுக்கு மட்டும் கட்டணம் கணக்கிடுவர். இதுவே நிகர அளவீடு எனப்படும்.

இரண்டு மாதங்களில் 600 அலகு செலவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வீட்டில் 2 கிலோவாட் தகடுகள் அமைக்கப்படின், நாளொன்றுக்கு 8 அலகு வீதம் 60 நாள்களில் 480 அலகு கிடைக்கும். மின்வாரியத்திடமிருந்து அக்குடும்பம் பெறும் நிகர அளவு 120 அலகாகச் சுருங்கிவிடும். இங்குச் சேமக்கலம் ஏதும் இல்லை என்பதைக் கருதுக. மின்வாரியத்தின் வலைப்பின்னலே இக்குடும்பத்தின் களஞ்சியமாக நின்று உதவுகிறது.

மின்வெட்டின்போது நிகழ்வது

கூரையில் தகடு இருந்தால் மின்வெட்டே இல்லை என்று நம்பிப் பணம் கட்டியோர், முதல் மின்வெட்டிலேயே திகைத்துப் போகின்றனர். வானில் வெயில் கொளுத்துகிறது; கூரையில் தகடு இருக்கிறது; எனினும் வீட்டில் மின்விசிறி சுழலவில்லை. இது பழுது அன்று. உயிர் காக்கும் ஏற்பாடு.

மின்கம்பி அறுந்தாலோ பராமரிப்பு நடந்தாலோ மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்துகிறது. கம்பியில் மின்சாரம் இல்லை என்ற உறுதியோடு பணியாளர் கம்பத்தில் ஏறுகிறார். அந்நேரத்தில் ஏதோ ஒரு வீட்டின் கூரையிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாயுமாயின், அவர் உயிருக்கே தீங்கு நேரும். ஆகவே வெளிக்கம்பியில் மின்சாரம் நின்ற நொடிப்பொழுதில், இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமாயின், வெளிக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துத் தனித்து இயங்கவல்ல கலப்பு இன்வெர்ட்டரும் சேமக்கலமும் வேண்டும்.

சேமக்கலம்: எவருக்கு, எவ்வளவு?

சேமக்கலங்களில் இருவகை பெருவழக்கில் உள்ளன. ஈய அமிலக் கலம் 1859இல் காசுத்தோன் பிளாண்டே என்பவரால் உருவாக்கப்பட்டது. இதன் விலை குறைவு. எடையும் பராமரிப்பும் மிகுதி. மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளி வெளிப்படக்கூடுமாதலால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே வைக்கவேண்டும். கொள்ளளவில் ஏறக்குறையப் பாதியைப் பயன்படுத்தினால்தான் இது நெடுநாள் உழைக்கும். லித்தியம் கலம் விலை மிக்கது, ஆயினும் கொள்ளளவில் 80 விழுக்காடும் அதற்குமேலும் பயன்படுத்தத்தக்கது, ஆயுளும் மிகுதி. லித்தியம் கலங்களுள் இரும்புப் பாசுபேட்டு வகை வெப்பத்தைத் தாங்கும் நிலைப்பாடு உடையதாகையால் வீடுகளுக்குப் பெரிதும் விரும்பப்படுகிறது.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். 75 வாட் மின்விசிறிகள் நான்கும், 10 வாட் விளக்குகள் ஐந்தும் நான்கு மணிநேரம் இயங்க வேண்டும் எனக் கொள்வோம். மொத்தத் திறன் 350 வாட். நான்கு மணிநேரத்திற்கு 1,400 வாட் மணி, அதாவது 1.4 அலகு. ஈய அமிலக் கலமாயின் இதனைப்போல் இருமடங்கு, 2.8 அலகு கொள்ளளவு தேவை. கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கலம் ஒன்றின் கொள்ளளவு 1.8 அலகு, ஆகவே இரண்டு கலங்கள் வேண்டும். லித்தியமாயின் 1.75 அலகு கொள்ளளவே போதும். இடையில் நேரும் இழப்பிற்காகச் சற்றுக் கூட்டிக்கொள்ளுதல் அறிவுடைமை.

மின்வெட்டு அரிதாக உள்ள ஊரில், நிகர அளவீட்டு வசதியும் பெற்ற வீட்டிற்குச் சேமக்கலம் பெரும்பாலும் கூடுதற் செலவே. மின்தடை அடிக்கடி நேரும் சிற்றூர், மூச்சுக்கருவியின் துணையில் வாழும் நோயாளர் உள்ள இல்லம், மின்கம்பி சென்றடையாத மலைவாழ் குடியிருப்பு ஆகியவற்றிற்கோ அது இன்றியமையாதது.

தெரியுமா?

லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அப்போது குடினஃப் அவர்களுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் மிக மூத்தவர் இவரே.

மானியமும் மின்கட்டணச் சீட்டும்

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம், ஊரக ஏழையரின் புதிய வீடுகளுக்குச் சூரிய ஒளி விளக்குகளை வழங்கியது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் தகடுகள் அமைவதை இலக்காகக் கொண்டது. இத்திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டிற்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாம் கிலோவாட்டிற்கு 18,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. மூன்று கிலோவாட்டும் அதற்கு மேற்பட்டனவும் பெறும் உச்ச அளவு 78,000 ரூபாய். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டிற்காக அமைக்கும் தகடுகளுக்கும் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 ரூபாய் உண்டு.

மானியம் தகடுகளின் திறனைக்கொண்டே கணக்கிடப்படுகிறது. சேமக்கலத்திற்கெனத் தனி மானியம் இல்லை. மேலும் மானியம் முன்பணமாகக் கிடைப்பதன்று. விண்ணப்பித்து, பதிவுபெற்ற நிறுவனத்தின்வழி அமைத்து, மின்வாரியத்தின் ஆய்வு முடிந்து, இருவழி மின்மானியும் பொருத்தப்பட்ட பின்னரே அது பயனாளியின் வங்கிக்கணக்கில் சேரும். அதுவரை முழுத்தொகைக்கும் குடும்பமே வழி காணவேண்டும்.

ஆதாயம் மானியத்தின் அளவால் மட்டும் முடிவாவதில்லை. தகடு தரும் ஓர் அலகின் மதிப்பு, அதனால் நாம் வாங்காமல் விடும் ஓர் அலகின் விலைக்கு ஒப்பாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களில் முதல் 100 அலகு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதன்பின் பயன்பாடு கூடக்கூடக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 500 அலகைக் கடந்துவிட்டால், இடைப்பட்ட அலகுகள் சிலவற்றிற்கு இருந்த குறைந்த கட்டணமும் இல்லாமற் போகிறது. ஆகவே 600 அலகு செலவிடும் வீட்டில் தகடு தவிர்ப்பது விலைமிக்க உச்சி அலகுகளை. 90 அலகு செலவிடும் வீட்டிலோ தவிர்ப்பதற்குக் கட்டணமே இல்லை. ஒரே வெயில், ஒரே தகடு. எனினும் இரு வீடுகளுக்கு இருவேறு பயன்.

இதனை அறியாத எளிய குடும்பம், மானியம் கிடைக்கிறதே என்று கடன்பட்டுத் தகடு வாங்கினால், தவணை மட்டுமே எஞ்சும். தேவைக்கு மிஞ்சிய திறனை அமைப்போர்க்கும் மிகையாகும் மின்சாரம் அதே அளவு பயனைத் தருவதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு.

வாங்குமுன் கருத வேண்டுவன

ஓராண்டு மின்கட்டண விவரங்களை எடுத்துவைத்துச் சராசரிப் பயன்பாட்டைக் கணக்கிடுதல் முதற்பணி. பழைய மின்விசிறியை மாற்றுதல், குண்டுவிளக்கை நீக்குதல் போன்ற சிக்கனங்களை முதலில் செய்துவிட்டால், சிறிய அமைப்பே போதுமானதாகலாம். தகடுகளுக்கு 25 ஆண்டுகள் வரை உற்பத்தி உறுதி தரப்படுகிறது. இன்வெர்ட்டருக்கும் சேமக்கலத்திற்கும் அவ்வளவு ஆயுள் இல்லை. இடையில் அவற்றை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒவ்வொன்றின் உறுதிக்காலத்தையும் எழுத்தில் பெறுதல் நன்று.

தானே, வர்தா, கஜா முதலிய புயல்களைக் கண்ட கடற்கரை மாவட்டங்களில், தகடுகளைத் தாங்கும் சட்டத்தின் உறுதி மிகவும் முதன்மையானது. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், தளத்தோடு உறுதியான பிணைப்பு, இடிதாங்கி, தரையிணைப்பு ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. தகடுகளை இளங்காலையில் தூயநீர் கொண்டு கழுவலாம். நண்பகல் வெயிலில் காய்ந்த கண்ணாடிமீது குளிர்நீர் ஊற்றுதல் கேடு விளைவிக்கும்.

கூரை உடையவர்க்கே கூரைமேல் மின்சாரம் என்பது இத்திட்டங்களின் எல்லை. வாடகை வீட்டில் வாழ்வோர்க்கும், குறைந்த மின்சாரமே செலவிடுவோர்க்கும் இதன் நேரடிப் பயன் சென்றடையவில்லை. இனிவரும் திட்டங்கள் இவ்விடைவெளியை நிரப்ப வேண்டும். ஞாயிற்றின் ஒளி அனைவர்க்கும் பொது. அதனை மின்சாரமாக்கும் கருவி பணம் கொடுத்து வாங்குவது. எனவே தகடு வாங்க எண்ணுவோர் வானத்தை நோக்குமுன் தம் மின்கட்டணச் சீட்டை நோக்குதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டின் ஓராண்டு மின்கட்டண விவரங்களைத் திரட்டி, ஏற்ற தகட்டுத் திறனைக் கணக்கிடுக. தகடு தேவையில்லை என முடிவு வந்தால், அதற்குரிய காரணத்தையும் எழுதுக.

2. பள்ளிக் கட்டடத்தின் மாடியில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் நிழல் விழும் இடங்களை வரைபடமாக்குக.

3. ‘அனைத்து வீடுகளுக்கும் சேமக்கலம் தேவை’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.