புளிப்பினும் மணமே முதன்மை: யூகத்தானின் கோழிச் சூப்

மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கில், மெக்சிகோ வளைகுடாவுக்கும் கரீபியன் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் யூகத்தான் தீபகற்பத்தில், கோழியை எலும்போடு வேகவைத்து எடுத்த தெளிந்த சாற்றில் வதக்கிய வெங்காயத்தையும் தக்காளியையும் சேர்த்து, இறக்கும் நேரத்தில் எலுமிச்சை இனப் பழம் ஒன்றின் சாற்றையும் வில்லைகளையும் இட்டு, பொரித்த மக்காச்சோள ரொட்டிக் கீற்றுகளைத் தூவிப் பரிமாறும் சூப்புக்கு ‘சோப்பா தெ லீமா’ என்று பெயர். அப்பகுதியின் பெருநகரான மெரிதாவின் வீடுகளிலும் உணவகங்களிலும் சமைக்கப்படும் இதில் செய்முறைச் சிக்கல் என்று எதுவும் இல்லை. ஆயினும் வேறு ஊர்களில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் வெறும் புளித்த சாறாகவோ கசந்த சாறாகவோ முடிந்துவிடுகிறது. பழத்தின் புளிப்பும் மணமும் வெவ்வேறு பொருள்கள் என்பதும், அவை பழத்தின் வெவ்வேறு பகுதிகளில் உறைகின்றன என்பதும், அடுப்புச் சூட்டை அவை ஒன்றுபோல் தாங்குவதில்லை என்பதும் கவனிக்கப்படாமல் போவதே அதற்குக் காரணம்.

இந்தச் சூப்பின் உறுப்புகளில் பாதிக்கு மேல் அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் ஆகியவை மெக்சிகோ மக்கள் ஐரோப்பியர் வருமுன்பே பயிரிட்டு வந்தவை. கோழி, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, கிராம்பு, எலுமிச்சை ஆகியவை ஸ்பானியர் வழியாக வந்தவை. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய நிலங்களில் தோன்றி, அரபு நாடுகள் வழியாக ஸ்பெயினை அடைந்த எலுமிச்சை இனங்களின் விதைகளை, கொலம்பஸ் 1493ஆம் ஆண்டின் இரண்டாம் பயணத்தில் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். 1518இல் மெக்சிகோவின் கரையில் ஆரஞ்சு விதைகளைத் தாமே ஊன்றியதாகப் படைவீரர் பெர்னால் தியாஸ் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஸ்பானியர் 1542இல் மெரிதாவை நிறுவுவதற்கு முன், அங்கு வாழ்ந்த மாயா மக்களின் பானையில் வெந்த பறவை வான்கோழி. இன்றும் இந்தச் சூப்பை வான்கோழியில் செய்வோர் அங்கு உண்டு. எதிர்த்திசையில் பயணம் செய்த மிளகாயும் தக்காளியும் இல்லாத ஒரு தமிழ்ச் சமையலறையை இன்று எண்ணிப் பார்க்கவே முடியாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

யூகத்தானில் பயன்படும் பழம் ‘லீமா அக்ரியா’, அதாவது புளிப்பு லீமா. சற்றே தட்டையான உருண்டையாக, நுனியில் ஒரு சிறு முனைப்போடு இருக்கும் இதன் புளிப்பு எலுமிச்சையின் புளிப்பைவிட மென்மையானது. ஆனால் தோலைக் கீறியவுடன் பூவின் சாயல் கொண்ட மணம் எழுகிறது. அப்பழத்தைச் சூப்புக்கு உரியதாக ஆக்குவது இந்த மணமே. தமிழ்நாட்டில் இது கிடைப்பதில்லை. எனினும் மெக்சிகோ முழுவதும் ‘லிமோன்’ என்ற பெயரில் நாள்தோறும் பிழியப்படும் மெல்லிய தோலுடைய சிறு பழமும் தமிழகச் சந்தைகளில் விற்கும் எலுமிச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதால், அதைக் கொண்டு தொடங்குவதில் தவறில்லை. அதன் கூர்மையைத் தணிக்க, இரண்டு எலுமிச்சைக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற அளவில் சாத்துக்குடிச் சாற்றையும், மணத்துக்காகச் சாத்துக்குடித் தோலின் ஒரு மெல்லிய சீவலையும் சேர்ப்பது மூலச் சுவைக்கு அருகில் கொண்டுசேர்க்கும். தாய்லாந்துச் சமையலில் வரும் காஃபிர் எலுமிச்சை இலையை இதற்கு மாற்றாகப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது நல்ல இலைதான் என்றாலும், சூப்பை முற்றிலும் வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

பழத்தை நறுக்கிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளித்தோலில் ஊசிமுனை அளவான எண்ணெய்ப் பைகள் நிறைந்திருக்கின்றன. மணத்தின் பெரும்பகுதி அவற்றில் உள்ள, எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. அதன் கீழுள்ள வெண்ணிறப் பஞ்சுத் தோலிலும் விதைகளிலும் கசப்புக்கு மூலமான பொருள்கள் உள்ளன. உள்ளே இருக்கும் சுளையில் சிட்ரிக் அமிலம், அதாவது புளிப்பு, இருக்கிறது. கொதிக்கும் சாற்றில் பழத்தை முன்கூட்டியே போட்டுவிட்டால், மணமுள்ள எண்ணெய் நீராவியோடு சேர்ந்து சமையலறைக் காற்றில் கலந்துவிடுகிறது. எளிதில் ஆவியாகாத அமிலமோ பானையிலேயே தங்கிவிடுகிறது. வெண்தோலிலும் விதையிலும், தொடக்கத்தில் கசப்பில்லாத ஒரு பொருள், பழம் அறுபட்டு அமிலத்தோடு கலந்தபின் ‘லிமோனின்’ என்ற கசப்புப் பொருளாக மெல்ல மாறுகிறது. சூடு அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. ஆகவே நெடுநேரம் கொதித்த பழம் தன் மணத்தை இழந்து, புளிப்பை வைத்துக்கொண்டு, கசப்பையும் கூட்டிக்கொள்கிறது. எலுமிச்சை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சாறு பிழியும் வழக்கத்தின் பின்னால் இருக்கும் அறிவும் இதுவே.

நான்கு பேருக்கான சூப்புக்கு, எலும்பும் தோலும் நீக்காத கோழித்துண்டுகள் 1 கிலோவும் தண்ணீர் 2 லிட்டரும் வேண்டும். கோழியைக் குளிர்ந்த நீரில் இட்டுச் சூடேற்றுவதே முறை. நீர் மெல்லச் சூடாகும்போது இறைச்சியின் புரதங்கள் சிறுகச் சிறுகத் திரண்டு நுரையாக மேலே வருவதால், கரண்டியால் அதை எளிதாக அள்ளி எடுத்துவிடலாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பானையின் ஓரத்தில் ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் நிலையில் வைத்திருக்க வேண்டும். நீர் தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும். மெல்லிய சூட்டிலோ தோலிலும் மூட்டுகளிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகக் கரைந்து, சாற்றுக்கு உதட்டில் லேசாக ஒட்டும் ஒரு கனத்தைத் தரும். கடைக்கோழிக்கு 40 முதல் 45 நிமிடங்கள் போதும். நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், அதன் சாறு அந்தக் காத்திருப்புக்குத் தகுதியானதே. பிரஷர் குக்கரில் நேரம் மிச்சமாகும் என்றாலும், நுரை எடுக்க இடமில்லாமல் போவதை நினைத்தால் இந்தச் சூப்புக்குத் திறந்த பானையே சிறந்தது.

சாறு வேகும்போதே அதில் சேர வேண்டியவை, தோலோடு சுட்ட ஒரு வெங்காயமும் ஆறேழு பூண்டுப் பற்களும் ஆகும். மெக்சிகோவில் இவற்றைக் ‘கோமால்’ என்ற தட்டையான கல்லில், எண்ணெய் இல்லாமல், ஆங்காங்கே கரும்புள்ளி விழும்வரை வாட்டுவர். தோசைக்கல் அந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். வெங்காயத்தின் சர்க்கரை கருகும் விளிம்பில் பிறக்கும் இலேசான கசப்பும் இனிப்பும் சாற்றின் அடிச்சுவையாக நிற்கின்றன. எட்டு மிளகு, இரண்டு கிராம்பு, ஒரு சிறு துண்டுப் பட்டை ஆகியவற்றோடு, ஓரிகானோ என்ற மூலிகையும் சேரும். மெக்சிகோவின் ஓரிகானோ, பீட்சாவோடு சிறு பொட்டலத்தில் வரும் மத்தியதரைக்கடல் ஓரிகானோவிலிருந்து மாறுபட்ட வேறொரு குடும்பச் செடி; அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் ஆகிய பொருள்கள் கற்பூரவல்லியிலும் உள்ளன, கரீபியன் தீவுகளிலும் கற்பூரவல்லியை ஓரிகானோவின் ஒரு வகையாகவே பயன்படுத்துகின்றனர். எனவே ஒரே ஒரு கற்பூரவல்லி இலை இங்கே பொருந்தும். இரண்டாவது இலை கஷாயத்தின் நினைவைக் கொண்டுவந்துவிடும்.

வெந்த கோழியை எடுத்து, எலும்பு நீக்கி, நாராகப் பிய்த்து வைத்துக்கொண்டு, சாற்றை வடிகட்ட வேண்டும். மற்றொரு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, குடைமிளகாய் பாதி, தணலில் சுட்டுத் தோலுரித்த பஜ்ஜி மிளகாய் ஒன்று, பழுத்த தக்காளி இரண்டு ஆகியவற்றை, தக்காளியின் நீர் வற்றும்வரை வதக்கிச் சாற்றில் சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால் அடித்தளம் முடிந்தது. யூகத்தானில் சுட்ட ‘ஷ்கத்திக்’ என்ற வெளிர்மஞ்சள் மிளகாய் செய்யும் வேலையை இங்கே பஜ்ஜி மிளகாய் செய்கிறது. உலகின் கடுங்கார வகைகளுள் ஒன்றான ஹபனேரோ, அந்தத் தீபகற்பத்தின் அடையாளப் பயிராக இருந்தும், சூப்புக்குள் கலக்கப்படுவதில்லை. நறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கப்பட்டு, வேண்டியவர்கள் வேண்டிய அளவு இட்டுக்கொள்கின்றனர். சூப்பின் மென்மணத்தைக் காக்கும் நல்ல வழக்கம் இது. பச்சை மிளகாயைப் பயன்படுத்துவோரும் இதைப் பின்பற்றலாம்.

மேலே தூவும் கீற்றுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் அன்றாட ரொட்டியான டோர்ட்டியா, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவில் செய்யப்படுவது. வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான் இங்கும் பயன்படுகிறது. அது மணியின் மேல்தோலைத் தளர்த்தி, மாவு ஒட்டிச் சேரும் தன்மையைத் தருவதோடு, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. இம்முறையை அறியாமல் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஐரோப்பிய ஏழைகள், நியாசின் குறைவால் வரும் பெலக்ரா என்ற நோயால் தலைமுறை தலைமுறையாக வருந்தினர். கடையில் விற்கும் சாதாரண மக்காச்சோள மாவு இவ்வாறு பதப்படுத்தப்படாதது என்பதால், அதைப் பிசைந்து தட்டினால் விரிந்து உடையும். டோர்ட்டியா கிடைத்தால், முந்தைய நாள் வாங்கியதை விரல் அகலக் கீற்றுகளாக வெட்டிப் பொரிக்கலாம். ஈரம் குறைந்த பழைய ரொட்டி எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுப்பாகும். கிடைக்காவிட்டால் மசாலா சேராத டோர்ட்டியா சிப்ஸ் போதும். கோதுமைச் சப்பாத்தி இதற்கு உதவாது. சூப்பில் விழுந்த உடனே துவண்டுவிடும்.

இனி எலுமிச்சையின் முறை. பழங்களை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, ஒரு பழத்தின் பச்சைத் தோலை மட்டும், வெண்மை படாமல், இரண்டு மூன்று சீவல்களாக எடுக்க வேண்டும். கொதிக்கும் சாற்றில் கோழி நார்களைச் சேர்த்து, உப்புப் பார்த்து, அடுப்பை அணைத்த பிறகு, அச்சீவல்களையும் சாத்துக்குடித் தோலையும் சாற்றில் இட்டு மூன்று நிமிடம் மூடி வைத்தால், எண்ணெய் சாற்றில் இறங்கும், ஆவியாகி ஓடாது. பின் சீவல்களை எடுத்துவிட்டு, விதை நீக்கிய எலுமிச்சைச் சாற்றையும் சாத்துக்குடிச் சாற்றையும் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ருசி பார்க்க வேண்டும். உப்பு சற்றுக் குறைவாக இருந்தால் புளிப்பு மெலிந்தும், சரியாக இருந்தால் துலங்கியும் தெரியும் என்பதால், இரண்டையும் சேர்த்தே சரிசெய்வது நல்லது. கிண்ணத்தில் முதலில் கீற்றுகளில் பாதி, அவற்றின்மேல் சூப், அதன்மேல் ஒரு மெல்லிய எலுமிச்சை வில்லை, கொத்தமல்லித்தழை, மீதிக் கீற்றுகள் என்ற வரிசையில் இட்டால், அடியில் உள்ளவை சாற்றை உறிஞ்சி மென்மையாகும், மேலுள்ளவை மொறுமொறுப்பு குறையாமல் நிற்கும். கொத்தமல்லியை முன்கூட்டிப் பானையில் போட்டால், அமிலமும் சூடும் சேர்ந்து அதன் பச்சையை ஆலிவ் நிறமாக்கிவிடும்.

மறுநாளைக்கும் வைத்துக்கொள்ள விரும்புவோர், எலுமிச்சை சேர்ப்பதற்கு முன்பே வேண்டிய சாற்றையும் கோழியையும் தனியாக எடுத்து, விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் நன்றாகக் கொதிக்கவைத்து, அப்போது வெட்டிய பழத்தைப் பிழிந்துகொள்வதே முறை.