ஊரும் வட்டையும்

அக்கரைப்பற்று முன்னேறிவிட்டதா என்று கேட்டால், ஊரவர்கள் கையைக் காட்டுவது பெரும்பாலும் கட்டடங்களை நோக்கித்தான். 2011 இல் வந்த மாநகர சபை, கொங்கிறீட் போட்ட உள்வீதிகள், கண்ணாடி முகப்பு வைத்த கடைகள், 1995 இல் தொடங்கி ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வடக்கே கல்முனையின் ஆஸ்பத்திரிகள். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஓர் ஊரின் வாழ்க்கைத் தரத்தை அந்த ஊரின் எல்லைக்குள் மட்டும் நின்று அளக்க முடியுமா? மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கிழக்கிலங்கைக் கரையோரம், கடலுக்கும் நெல்வயலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். குடிக்கிற தண்ணீரும் சோறும் மேற்கேயிருந்து வருகின்றன, கறி கிழக்கேயிருந்து. குப்பை மேற்கே போகிறது. மாரி வெள்ளம் மேற்கேயிருந்து வந்து ஊரைக் கடந்துதான் கடலில் விழவேண்டும். ஆகவே இங்கே நகரத்தின் நலன் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, வட்டை என்று ஊரில் சொல்கிற வயல்வெளியிலும் குளத்திலும் கடலோரத்திலும்தான் தீர்மானமாகிறது. நிர்வாகமும் அரசியலும் அதை ஊருக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பதால்தான், கட்டடம் கூடிய அளவுக்கு வாழ்வு கூடவில்லை.

முதலில் நெரிசலைப் பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டின்போது கல்முனை மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இருந்தார்கள். நிலமோ 23 சதுர கிலோமீட்டர் அளவுதான். சதுர கிலோமீட்டருக்கு நாலாயிரத்துக்கும் மேல் என்றால், நாட்டின் சராசரியைப் போலப் பத்து மடங்குக்கும் கூட. வேறு நகரங்கள் இப்படி நெருங்கினால் அதற்குக் காரணம் வேலை தேடி வந்த வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். இங்கே காரணம் கலியாணம். கிழக்கிலங்கையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒருசேர வேரோடியிருக்கும் தாய்வழிக் குடி முறையில், மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1960களின் கடைசியிலிருந்து அக்கரைப்பற்றிலேயே தங்கி ஆராய்ந்து, 2008 இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்து வீடு மூத்தவளுக்குப் போகிறது. உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டைக் கட்டி நகர்கிறார்கள். இளையவளுக்கு மாப்பிள்ளை பேசியதும் அதையும் பெருப்பித்துக் கொடுத்துவிட்டு இன்னும் பின்னால் போகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் தென்னையும் முருங்கையும் நின்ற இடத்தில் இப்போது மூன்று கூரை, மூன்று குசினி, மூன்று மலசலகூடக் குழி. கிணறு மட்டும் பழையபடி நடுவில்.

இதில் நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் இருப்பது சின்ன விடயமில்லை. புருஷன் கட்டாருக்கோ சவூதிக்கோ போனாலும், உறவு முறிந்தாலும், அவள் நடுத்தெருவில் நிற்பதில்லை. தாயும் ராத்தாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பிள்ளை பார்க்க ஆள் தேடவேண்டியதில்லை. முதியவர்கள் தனித்து விடப்படுவதும் குறைவு. பணக்கார நாடுகள் வரிப்பணத்தில் கட்டியெழுப்பப் பாடுபடும் பாதுகாப்பில் ஒரு பகுதியை இந்த ஊர்கள் வளவுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதே நேரம், மணல் நிலத்தின் நன்னீர் ஆழத்தில் இல்லை. மழையில் ஊறி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் அது நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். குழி கிணற்றை நெருங்கினால் அழுக்கு அதே மணலுக்குள்ளால் கிணற்றுக்கு வந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில், இந்த ஊர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அந்த அளவுக்கு இழக்கவில்லை. கரையோரக் கிணறுகள் உப்பேறிக் கிடந்த அந்த மாதங்களில், இந்த நிலத்தடி நீர் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது ஊருக்கே தெரிந்தது.

சீதன வீட்டு வழக்கத்தைக் கைவிட்டு மாடிக் குடியிருப்புக்குப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சீதனத்தின் சுமை பெண்ணைப் பெற்றவர்களை எப்படி அழுத்துகிறது என்று பார்த்தால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் மாடிக் குடியிருப்பு நெரிசலைத் தீர்ப்பதில்லை, அடுக்கி வைக்கிறது. இருபது குடும்பத்தின் கழிவு நீர் ஓரிடத்தில் சேர்ந்தால் அதைக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். சுத்திகரிக்க நிலம் வேண்டும். அந்த நிலம் ஊருக்குள் இல்லை. மற்றவர்கள் சொல்வது: வயலை நிரப்பி மேற்கே ஊரை விரி. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்பத் தடை போட்டிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், தண்ணீர் இன்னும் கண்டிப்பானது. மேற்கேயிருந்து வரும் மாரி நீர் விரிந்து நிற்கவும் வடியவும் இடம் கொடுப்பது அந்த வயல்கள்தான். நிரப்பிய ஒவ்வொரு துண்டும் நீரை அடுத்தவன் வாசலுக்கோ வீதிக்கோ தள்ளும். 2024 நவம்பர் கடைசியில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். வயல்களை ஊடறுத்துக் கரையோரத்தை உள்ளூர்களோடு இணைக்கும் வீதி அது. பல்கலைக்கழகமும் மாநகர சபையும் வந்துவிட்ட ஒரு பகுதியில், பிள்ளை வீடு திரும்பும் வழி மாரியில் ஆறாகிவிடுகிறதென்றால், வாழ்க்கைத் தரம் என்ற கணக்கில் எதை முதலில் எழுதுவது?

மேற்கிலிருந்து வருகிற நல்லதையும் சொல்லவேண்டும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலவில் சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. வாய்க்கால் நீர் நிச்சயமானதும் மானாவாரியை நம்பிய நிலங்களில் சிறுபோகமும் சாத்தியமாயிற்று. நாட்டின் நெல் விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்றானது. கரையோரத்தில் குடியிருந்து வட்டையில் விதைப்பவர்களுக்கு அந்தத் திட்டம் குடியேற்ற அரசியலையும் கொண்டுவந்தது என்பது வேறு கதை, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அறுவடை முடிந்த வாரங்களில் அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் ஓடுகிற காசு, ஆலைக்குப் போன நெல்லின் காசுதான். 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. விளைச்சல் சரிந்தால் விவசாயி மட்டும் அடிபடுவதில்லை. உழவு இயந்திரக்காரர், ஆலைக்காரர், நகைக்கடை, பிடவைக்கடை, வெட்டுக்கூலிக்குப் போனவர் என்று சங்கிலியாக இறங்கும். பெருந்தெருவில் எத்தனை மாடி எழும்பினாலும் அதன் அத்திவாரம் வயலில் இருக்கிறது என்பதற்கு அந்த ஓராண்டே போதுமான சான்று.

குழாய் நீரும் அப்படித்தான். அம்பாறைக்கு அருகே கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் கரையோர ஊர்களுக்கு வருவதால், பல வீடுகள் கிணற்று நீரைக் குடிக்காமல் தப்பியிருக்கின்றன. குளத்து நீருக்குப் பயிரும் பங்காளி, தாகமும் பங்காளி. வறட்சி வந்தால் யாருக்கு முதலில் என்ற கேள்வி எழும். பங்காளிகள் இணங்க மாட்டார்கள், அதிலும் இனம் வேறுபட்டால் சண்டைதான் என்பது இந்தப் பகுதியில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அதற்குக் கல்லோயாவே பதில் வைத்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்காலில், கொழும்பு கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளைச் சின்னச் சின்னக் குழுக்களாக இணைத்தன. தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், வாய்க்காலின் கடைவாலில் தமிழ் விவசாயிகள். தலைப்பகுதிக்காரர்கள் முறைவைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழே அனுப்பியதை, அந்த வேலையில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹோவ் 1992 இல் வெளியான நூலில் பதிந்திருக்கிறார். நாடு இனக்கலவரத்தில் எரிந்த அதே காலம் அது. நல்லெண்ணம் மட்டும் அதைச் செய்யவில்லை. ஒரே வாய்க்காலில் இருப்பவர்கள் ஒரே கூட்டத்தில் உட்காரும் ஏற்பாடும் அதைச் செய்தது.

அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பள்ளக்காட்டைப் பார்க்கலாம். அஷ்ரப் நகர்ப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குப்பைமேடு ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 2008 இல் அமைந்தது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போனது. பிரித்து மீள்சுழற்சி செய்யும் வேலைதான் நடக்கவில்லை. 2014 இல் மின்வேலியை இடி தாக்கிய பின் அது திருத்தப்படாமல் கிடக்க, காட்டு யானைகள் உள்ளே இறங்கின. 2022 தொடக்கத்தில் வெளிவந்த செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் பிளாஸ்டிக்கைத் தின்று சுமார் இருபது யானைகள் அங்கே இறந்திருந்தன. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் உணவுப் பொதி சுற்றும் பொலித்தீனும் வேறு பிளாஸ்டிக்கும்தான் பெரும்பகுதி. யானை வழக்கமாக உண்ணும் தழையைக் காணவில்லை. ஊருக்குள் வீதி துப்புரவாகிவிட்டது என்று சபைகள் சொல்லிக்கொண்ட காலத்தில், அந்தத் துப்புரவின் விலையை மேற்கே யானையும் அதன் பாதையில் வயல் வைத்திருந்த விவசாயியும் கட்டினார்கள். குப்பைச் சுவை கண்ட யானை காட்டுக்குள்ளேயே நின்றுவிடாது. வேலியை உடைத்து வாழையையும் நெல்லையும் தேடிவரும். யானை விரட்டக் கண்விழித்துக் கிடப்பவர் அந்தப் பொலித்தீன் பையைக் கடையில் வாங்கியவர் அல்ல.

கிழக்குப் பக்கத்தின் கதை ஒலுவில் துறைமுகம். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறந்துவைத்தார்கள். வேலைவாய்ப்பு வரும், ஆழ்கடல் மீன்பிடி வளரும் என்பது எதிர்பார்ப்பு. பிழையான எதிர்பார்ப்பும் அல்ல. ஆனால் இந்தக் கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அலையோடு பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லணை போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடல் கரையைத் தின்னும். அதுவே நடந்தது. துறைமுக வாயை மணல் மூடியது, படகுகள் உள்ளே வர முடியாமல் போயின. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் தென்னந்தோட்டங்கள் கடலில் சாய்ந்தன. கரைவலை இழுப்பவர்களுக்கு வலை இழுக்கக் கரை குறைந்தது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல இதை நான் எடுத்துக்காட்டவில்லை. ஒரு கட்டடத்தின் பயனும் கேடும் வேறு வேறு எல்லைக்குள் விழும்போது, எல்லைக்குள் மட்டும் பார்க்கிற கணக்கு எப்படித் தவறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தக் கரையில் இல்லை.

கொழும்போடு ஒப்பிட்டால் இங்கே வாழ்க்கை எவ்வளவோ மேல் என்பார்கள் ஊரவர்கள். காலையில் கரைக்கு வந்த மீன், சட்டித் தயிர், சொந்த வயல் அரிசி, வாகன நெரிசல் இல்லாத பயணம். உண்மைதான். அந்தப் பட்டியலில் நகரம் உண்டாக்கியது எது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். தயிருக்கு எருமை வேண்டும், எருமைக்கு மேய்ச்சல் தரை வேண்டும். வட்டமடுவில் மேய்ச்சல் தரையா வேளாண்மைக் காணியா என்று தமிழ்ப் பண்ணையாளர்களும் முஸ்லிம் விவசாயிகளும் வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருக்க, கடைத்தெருவில் தயிர்ச் சட்டி வாங்குபவருக்கு அது தன் பிரச்சினையாகத் தெரிவதில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் அதிகாரம் நம் கையில் இல்லாததுதான், அம்பாறைக் கச்சேரி தமிழில் பேசுவதில்லை, கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்பது வலுவான வாதம். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டத்தை உண்டாக்கிய நாளிலிருந்து தமிழ் பேசுகிறவர்கள் கரையில் இருக்க, அதிகாரம் உள்நாட்டில் இருந்துவருகிறது. நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டிய 500 வீடுகள், இன விகிதப்படியே பகிரவேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பல வருடங்கள் ஆளில்லாமல் பற்றைக்காடு மூடிக் கிடந்ததை நினைத்தால், அந்தக் கோபத்தின் நியாயம் விளங்கும். சுனாமியில் வீடிழந்தவர்கள் வளவுக்குள் நெருக்கியடித்திருக்க, கட்டி முடித்த வீடுகளின் கதவு பூட்டியிருந்தது. சொந்த மொழியில் கடிதம் எழுதிப் பதில் வாங்குவதும் வாழ்க்கைத் தரத்தில் சேர்ந்ததுதான். ஆனால் புதிய எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் குளம் அந்தப் பக்கம், குழாய் இந்தப் பக்கம் என்றுதான் விழப்போகிறது. அக்கரைப்பற்றுக்குள்ளேயே மாநகர சபை ஒன்று, பிரதேச சபை ஒன்று, ஒட்டினாற்போல ஆலையடிவேம்புப் பிரதேச சபை ஒன்று. வடிகான் நீருக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. கரையோர மாவட்டம் கேட்பவர்கள் அதன் கோரிக்கைப் பத்திரத்தில் நீர்ப்பங்கீடு, குப்பை, நிரப்பக்கூடாத வயல்கள் ஆகிய மூன்றுக்கும் அம்பாறையோடு ஒரு கூட்டுச் சபையையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் கல்முனைக்குக் கச்சேரி வந்த பிறகும், கோடையில் குழாய் வற்றினால் அம்பாறைக்குத்தான் மனு எழுதவேண்டியிருக்கும்.