ஸ்பேம்னு நினைச்ச மெசேஜ்: கேப் வெர்டி அணி உருவான கதை

லிங்க்ட்இன்ல வர்ற மெசேஜை எல்லாம் ஒழுங்கா படிக்கிறீங்களா? நான் படிக்கிறதில்ல. ராபர்ட்டோ லோப்பஸும் படிக்கல. டப்ளின்ல பிறந்த கால்பந்து டிஃபெண்டர். அப்பா கேப் வெர்டிக்காரர். 2018ல அந்த நாட்டு கோச் போர்ச்சுகீஸ்ல அனுப்பின மெசேஜை ஸ்பேம்னு விட்டுட்டார். பல மாசம் கழிச்சு இங்கிலீஷ்ல இன்னொண்ணு வந்ததும், பழசை கூகுள் டிரான்ஸ்லேட்ல போட்டுப் பார்த்தா, தேசிய அணிக்கு ஆட வர்றீங்களான்னு கேட்டிருக்காங்க!

லோப்பஸ் அதுக்கு முன்னாடி அயர்லாந்து ஜூனியர் அணியில ஆடினவர். ஜூனியர்ல ஆடினா பிறகு நாடு மாறலாம். சீனியர் அணிக்காக ஒரே ஒரு தகுதிச்சுற்று ஆட்டம் ஆடிட்டா, அப்போ இருந்த விதிப்படி கதவு மூடியாச்சு. முனீர் எல் ஹத்தாதிக்கு அதுதான் நடந்தது. 2014ல ஸ்பெயினுக்காக கடைசி 13 நிமிஷம் போல இறங்கினார், அவ்வளவுதான். பிறகு ஸ்பெயின் கூப்பிடவே இல்ல. தன்னோட பூர்வீகமான மொராக்கோவுக்கு 2018 உலகக் கோப்பையில ஆட விரும்பினார். விளையாட்டு நடுவர் மன்றம் முடியாதுன்னுடுச்சு.

ஸ்பெயினுக்கு முனீர் நூத்துல ஒருத்தர். ஆனா கேப் வெர்டி மாதிரி 5 லட்சம் பேர் சொச்சம் இருக்கிற தீவு நாட்டுக்கு ஒரு ஆள் போனாலே பெரிய ஓட்டை. பிழைப்புக்காக ஐரோப்பா போன குடும்பங்களோட பிள்ளைகள் அங்கேயே ஆடுவாங்க. ஸ்வீடனுக்கு ஆடின ஹென்ரிக் லார்சனோட அப்பாவும் கேப் வெர்டிதான். விதியை மாத்தச் சொல்லி ஃபிஃபாகிட்ட கேட்டதும் இதே குட்டி நாடுதான்.

2020ல மாத்தினாங்க. 21 வயசுக்கு முன்னாடி, அதிகபட்சம் 3 சீனியர் ஆட்டம், அப்புறம் 3 வருஷ இடைவெளி, அப்படின்னா மாறலாம். முனீர் 2021ல மொராக்கோவுக்கு ஆடினார். ஆனா உலகக் கோப்பை மாதிரி பெரிய தொடர்ல ஒரு நிமிஷம் இறங்கியிருந்தாலும் மாற முடியாது. என்னைக் கேட்டா, இது இன்னும் பெரிய நாடுகளுக்குச் சாதகமான விதிதான்.

வெளியில இருந்து வர்றவங்களால உள்ளூர் பசங்க வாய்ப்பு போகுதேன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 அக்டோபர்ல, தலைநகர் பிரையாவுல, எஸ்வாட்டினியை 3-0ன்னு ஜெயிச்சு கேப் வெர்டி முதல் தடவையா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. முதல் கோல் அடிச்சவர் ராட்டர்டாம்ல பிறந்தவர். ரெண்டாவது, பிரான்ஸ்ல பிறந்தவர். கடைசி நேரத்துல மூணாவதை அடிச்சவர் ஸ்டோபிரா: 37 வயசு, பிறந்தது அதே பிரையா.