மாரியும் வீதியும்

ஐப்பசி பிறந்து வானம் இருண்டதும் வடக்கிலும் கிழக்கிலும் மாரி தொடங்கிவிட்டதென அறிகிறோம். ஆண்டு முழுவதும் இப்பகுதிகள் பெறும் மழையிற் பெரும்பகுதி அடுத்து வரும் சில மாதங்களிலேயே பொழிந்துவிடுகின்றது. கமக்காரன் மகிழும் இக்காலத்திலேதான் வீதியிற் செல்வோர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மாரிகாலக் கேடுகளுள் தலையாயது வீதியை ஊடறுத்துப் பாயும் வெள்ளமாகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரமொன்று அள்ளுண்டது. அதன் பெட்டியில் இருந்தவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த அரபுக் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் அறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

பாரமான உழவு இயந்திரத்தையும் நீர் எவ்வாறு வீழ்த்துகின்றது? ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. நீரில் அமிழ்ந்த வண்டியை அந்நீரே மேல்நோக்கி உந்துவதாற் சில்லுகளின் பிடியும் தளர்கின்றது. விரைந்தோடும் நீர் அரை அடி ஆழமேயாயினும் வளர்ந்தவரைச் சாய்க்கவல்லது. ஓரடி நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும். கலங்கிய நீரின் கீழே மதகு உடைந்துள்ளதா, வீதியோரம் அரிக்கப்பட்டுள்ளதா என்பதும் கண்ணுக்குப் புலப்படாது.

ஆகவே, ஓடும் நீரைக் கண்டால் நின்று திரும்புவதே அறிவுடைமை. முன்னே ஒருவர் கடந்தார் என்பது நமக்குச் சான்றாகாது. குளம் வான்பாயும் வேளையில் நீர்மட்டம் சிறிது நேரத்திலேயே உயர்ந்துவிடும்.

வெள்ளமில்லாத வீதியிலும் அவதானம் வேண்டும். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில், தூசியும் எண்ணெயும் நீரோடு கலந்து தார் வீதியை வழுக்கச் செய்கின்றன. நனைந்த வீதியில் வண்டியை நிறுத்த, உலர்ந்த வீதியிலும் ஏறக்குறைய இருமடங்கு தூரம் தேவைப்படும். வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டிக்கு இடைவெளி விட்டுச் செல்லுதல் நன்று. நடந்து செல்வோர் எதிரே வரும் வாகனங்களைக் காணுமாறு வீதியின் வலப்புற ஓரமாகச் செல்லல் வேண்டும். குடையைச் சரித்து முகத்தை மறைத்தலாகாது. மாலையில் வெண்ணிற உடை நலம். அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகவே கூடாது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒன்று கூறுவோம். நேரஞ் சென்றால் ஏச்சு விழுமே என்ற அச்சமே பலரை வெள்ளத்தில் இறங்கத் தூண்டுகின்றது. மழை நாளிற் பிந்தி வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருப்போம். பதறாத காரியம் சிதறாது என்பது மூத்தோர் வாக்கு. ஒரு நாட் பாடத்தை மறுநாளும் படித்துக்கொள்ளலாம். போன உயிரை மீட்டுத் தருவார் எவருமிலர்.