மேலே வெயில், கீழே டீசல்

2012இல் கோவை ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் பகலில் போனால் லேத் சத்தம் கேட்காது, ஜெனரேட்டர் சத்தம்தான். அதை வாங்க வசதியில்லாத பட்டறைகளில் அதுவும் இல்லை. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. கரண்ட் வரும் நேரமே ஷிப்ட் நேரம். நடுராத்திரியில் ஃபேன் சுற்றத் தொடங்கினால், மெஷினுக்குப் பக்கத்தில் அட்டை விரித்துப் படுத்திருப்பவர் எழுந்து வேலையைப் பிடிப்பார். கடைசல் ஓடும்போது கரண்ட் போனால் டூல் டிப் உடையும். பாதி கடைந்த பம்ப் ஷாஃப்ட் ஸ்கிராப்புக்குப் போகும். லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் கிடைத்தாலே பெரிது. ஜாப் ஒர்க் கூலியை அந்தப் புகைக்குழாயே தின்றது.

தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சூட்டை இறக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் கிடந்தது.

இன்று அந்தக் கூரை சோலார் பேனலைச் சுமந்து சம்பாதிக்கிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி. நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட். 20 கிலோவாட் போட்டால் 80 யூனிட். வார்ப்படப் பட்டறை பக்கத்தில் இருந்தால் கரித்தூள் படியும். கண்ணாடி சூடாவதற்கு முன், விடிகாலையிலேயே கழுவிவிட வேண்டும். சொந்தக் கூரையில் விளையும் யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம் என்பது சிறுதொழில்காரர்களின் தீராத வருத்தம். நியாயமான வருத்தம்தான்.

ஆனால் சோலார் போட்ட புதிதில் பலரைத் திகைக்க வைப்பது வேறு. துணைமின் நிலையப் பராமரிப்பு நாளில், உச்சி வெயிலில், பேனல் ஒரு யூனிட்கூடத் தராது. லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிருக்கான ஏற்பாடு அது. ஜெனரேட்டரோடு சோலாரை இணைக்கலாம். ஆனால் சோலார் மிஞ்சினால் கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாயும். அதைத் தடுக்கத் தனியாகக் கன்ட்ரோலர் வேண்டும். பேட்டரி? மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்கும் பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு, பலர் கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சோலார் குறைத்தது பில்லை, மின்தடையை அல்ல. பேப்பரில் ‘நாளைய மின்தடை’ பட்டியலில் தங்கள் ஏரியா பெயர் இருந்தால், முந்தின நாள் சாயங்காலமே மூலையில் சாக்குப் போர்த்திய ஜெனரேட்டரைத் திறந்து, பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்.